மலை வீதியும் பழைய மோட்டாரும்

பதுளையிலிருந்து ஹாலிஎல வழியாகப் பண்டாரவளைக்கு ஏறும் வீதியில், காலை வேளைகளில் ஒரு சிறிய ஊர்வலத்தைக் காண நேரிடுவதுண்டு. ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கிச் செல்வது ஒரு மொறிஸ் மைனர் கார். அதன் பின்னே பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிய வான். அதன் பின்னே இரண்டு முச்சக்கர வண்டிகள். அப்பால் ஒரு மரக்கறி லொறி. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு தனியார் பஸ். மேளமும் நாதசுரமும் இல்லாத குறையை அந்த பஸ்ஸின் ஹோர்ன் தீர்த்து வைக்கிறது. காரை ஓட்டிச் செல்பவரோ, பெரும்பாலும் தோட்டத்து ஆபீசில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர். அவர் காதில் அந்த ஓசை விழாமலில்லை. விழுந்தும் அவரால் செய்யக்கூடியது அதிகமில்லை என்பதுதான் விஷயம்.

நேயர்களே, அந்தக் கார் ஏன் அவ்வளவு மெதுவாகப் போகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது. மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதனை வரைந்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். பிற்காலத்தில் மினி என்னும் சிறு காரை வரைந்தவரும் அவரே. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி ஓய்ந்தபோது பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டிருந்தன. இலங்கைக்கு வந்தவை தோட்டத் துரைமாரிடமும், வைத்தியர்களிடமும், ஓரளவு வசதி படைத்த உத்தியோகத்தர்களிடமும் சேர்ந்தன. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி ஏற்பட்டுக் கார் இறக்குமதி இறுகியபோது, இருந்தவற்றைப் பேணுவதைத் தவிர வேறு வழியில்லாமற் போயிற்று. 1977இன் பின் வாயில் திறந்து யப்பானிய வாகனங்கள் வந்து குவிந்தபோதும் மொறிஸ் மைனர் மறைந்துவிடவில்லை. 1990களில் காலிப் பகுதியில் அதன் உடற்பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பும் தொழில் நடந்தது என்றால், நம் நாட்டுத் தகர வேலைக்காரரின் கைத்திறனை உணரலாம். 2020ஆம் ஆண்டு மார்ச்சில் மீண்டும் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல்தான் அது தளர்ந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளிலும் கொட்டகைகளில் உறங்கிக்கிடந்த பழைய கார்கள் பல, தூசு தட்டப்பட்டு வீதிக்கு வந்தன. மேல்நாடுகளிலே பழைய மோட்டார் என்பது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. ஊவாவிலே பல வீடுகளில் அது திங்கட்கிழமை வாகனமும் ஆகும்.

இப்படிப்பட்ட காரின் பலம் எவ்வளவு? 1962க்குப் பின் வந்த மொறிஸ் மைனரின் 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சினுக்கு நாற்பத்தெட்டுக் குதிரைவலு. அதற்கு முந்திய 948 எஞ்சினுக்கு முப்பத்தேழு. இன்று வீதியில் ஓடும் யப்பானியச் சிறு கார்களில் 660 கன சென்ரிமீற்றர் எஞ்சின் உள்ளவையே அறுபத்து நான்கு குதிரைவலு வரை தருகின்றன. இதுவும் போதாதென்று, உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று வீதம் எஞ்சினின் பலம் குறையும் என்பது பொதுக் கணக்கு. ஹப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே வந்து சேரும் பழைய கார் தன் பலத்தில் ஏழில் ஒரு பங்கை வழியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. பின்னால் வருபவர்களுள் அறிந்தவர்கள் மிகச் சிலரே. இந்தக் கார்களில், வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது முதலாம் கியரைப் போடுவது எளிதன்று. பற்சக்கரங்கள் கறகறவென்று முறையிடும். கொண்டை ஊசி வளைவிலே இரண்டாம் கியரில் எஞ்சின் திணறினால், ஓட்டுபவர் ஏறக்குறைய நின்று, முதலாம் கியரைப் போட்டு, கைப் பிரேக்கின் துணையுடன் மறுபடி புறப்பட வேண்டும். புறப்படும் அந்தக் கணத்தில் கார் அரை அடியோ ஓரடியோ பின்னுக்கு உருளக்கூடும். பின்னால் வருபவர் தமது வண்டியின் மூக்கைக் காரின் முதுகில் வைத்துக்கொண்டு வந்தால் என்ன நேரும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆதலால் அனுபவமுள்ளவர் வளைவு வருமுன்னரே, சமநிலம் சிறிது உள்ள இடத்திலேயே, கியரைக் குறைத்துக்கொள்கிறார். அப்போது கார் இன்னும் மெதுவாகிறது. பின்னாலிருந்து ஹோர்னும் இன்னும் பலமாகிறது.

அவசரப்படுகிறவர்களைக் குறைகூறுவது எளிது. ஆனால் பஸ்ஸின் அவசரத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1958ஆம் ஆண்டு இலங்கையின் பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டன. இருபது ஆண்டுகளின் பின் தனியார் பஸ்களுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. அன்றுமுதல் பல வழித்தடங்களில் பயணிகளின் எண்ணிக்கையே சாரதியினதும் நடத்துநரினதும் வருமானத்தைத் தீர்மானிக்கிறது. நேரக் கணக்கர் குறித்த நிமிடம் தவறினால் அடுத்த தரிப்பிலுள்ள பயணிகளைப் பின்னால் வரும் பஸ் ஏற்றிக்கொள்ளும். பழைய காரின் பின்னே கழியும் பத்து நிமிடம் அந்தச் சாரதிக்குப் பத்து நிமிடம் மட்டுமன்று, அன்றைய கூலியில் ஒரு பகுதி. மரக்கறி லொறிக்காரருக்கோ சந்தை காத்திராது. பாடசாலை வானுக்கு மணி அடித்துவிடும். எல்ல பக்கத்தில் வாடகை முச்சக்கர வண்டியைத் தாமே ஓட்டிவரும் வெளிநாட்டு உல்லாசப் பயணிகளுக்கு மட்டும் எந்த அவசரமும் இல்லை. அவர்கள் வளைவின் நடுவே நிறுத்திப் படம் பிடிப்பார்கள். அது வேறோர் இடைஞ்சல்.

ஆகவே பழைய காரை ஓட்டுபவரின் முதற்கடமை, பின்னால் வருபவர்களுக்கு வழிவிடுவது. மூன்று நான்கு வண்டிகள் சேர்ந்துவிட்டால், கோயில் முகப்பிலோ, கடை வாசலிலோ, வீதி அகன்ற ஓரத்திலோ ஒதுங்கி நின்று அவர்களைப் போகவிடுவதில் மானக்குறைவு எதுவுமில்லை. காருக்கும் அது நல்லது. ரேடியேற்றர் சற்று ஆறும். ஆனால் ஒதுங்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பவர் காரில் இருப்பவராக இருக்க வேண்டும். ஹோர்ன் அடிப்பவராக இருக்கக்கூடாது. பின்னாலிருந்து வரும் நெருக்குதலுக்கு அஞ்சி, மழையில் இளகிய மண் ஓரத்தில் இடப்பக்கச் சக்கரங்களை இறக்கியவர்கள் படும் பாட்டை மலைநாட்டார் அறிவர். கீழே தேயிலைச் சரிவு. அதன் கீழே ஆறு.

சிலர் நல்லெண்ணத்தால் ஒரு பிழை செய்வார்கள். சன்னலுக்கு வெளியே கையை நீட்டி, ‘முந்திப் போ’ என்று பின்னால் வருபவருக்குச் சைகை காட்டுவார்கள். வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்பது காட்டுபவருக்கும் முழுதாகத் தெரியாது. நம்பிச் செல்பவருக்கோ கொஞ்சமும் தெரியாது. தம் வண்டியை இடப்புறம் ஒதுக்கி வேகத்தைக் குறைப்பதோடு பெரியவர் நிறுத்திக்கொள்வதே முறை. முந்துவதா இல்லையா என்பதை முந்துபவர் தம் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கட்டும்.

சைகைகளின் கதையே ஒரு தனிக்கதை. 1961க்கு முந்திய மொறிஸ் மைனரில் மினுக்கு விளக்கு இல்லை. கதவின் பக்கத்துத் தூணிலிருந்து செம்மஞ்சள் நிறச் சிறு கை ஒன்று எழுந்து நிற்கும். இன்றைய இளஞ்சாரதி அதனை ஏதோ கழன்று தொங்கும் உதிரிப்பாகம் என்றே எண்ணக்கூடும். பின்விளக்குகளும் சிறியவை, வெயிலில் பிரேக் விளக்கு எரிவது கண்ணுக்குத் தெரிவதில்லை. பழைய தோற்றம் கெட்டுவிடும் என்று சிலர் தயங்கினாலும், பின்புறத்தில் பிரகாசமான விளக்குகளைப் பொருத்திக்கொள்வதே புத்திசாலித்தனம். முன்விளக்கை ஒருமுறை மின்னவிடுவதற்கும் நாட்டுக்கு நாடு பொருள் வேறுபடுகிறது. இங்கிலாந்தில் அதனைப் பெரும்பாலும் ‘நீங்கள் வாருங்கள்’ என்று கொள்வார்கள். இலங்கையிலோ ‘நான் வருகிறேன், விலகு’ என்பதே அதன் பொருள். வெளிநாட்டில் வாழ்ந்து திரும்பி, தந்தையாரின் காரை எடுத்து ஓட்டும் பிள்ளைகள் இதனை ஒரு முறைக்கு இரு முறை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

ஹோர்னுக்கும் இரு குணம் உண்டு. கண்மறைந்த வளைவில் ஒருமுறை ஒலிப்பது மரியாதை. எதிரே வருபவருக்கு முன்னறிவித்தல். ஒருவரின் முதுகுக்குப் பின்னால் இடைவிடாது ஒலிப்பது ஏச்சு. முன்னதற்குப் பதில் ஒலி கொடுக்க வேண்டும். பின்னதற்குப் பதில் எதுவும் வேண்டியதில்லை.

ஏற்றத்தைவிட இறக்கமே ஆபத்தானது. எல்லவிலிருந்து வெல்லவாய செல்லும் வீதி, முப்பது கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்தில் எண்ணூறு மீற்றர் அளவு கீழிறங்குகிறது. நால்வர் அமர்ந்த மொறிஸ் மைனரின் நிறை ஏறக்குறைய ஒரு தொன். அந்த நிறை எண்ணூறு மீற்றர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி முழுவதும் வெப்பமாக மாறினால், இருபது லீற்றருக்கு மேற்பட்ட பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். ஒரு லயத்து வீடுகள் அனைத்துக்கும் தேநீர் ஊற்றப் போதுமானது. அவ்வளவு வெப்பத்தையும் ஏழு எட்டு அங்குல விட்டமுள்ள நான்கு பிரேக் டிரம்களிடம் ஒப்படைத்தால் அவை என்ன செய்யும்? சூடேறி விரியும், பிடி தளரும், கருகிய நாற்றம் வரும், எண்ணெயில் ஈரம் சேர்ந்திருந்தால் அது கொதித்து, மிதிபலகை தரைவரை அமிழ்ந்துபோகும். இதனாலேயே, எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு என்று பழைய சாரதிமார் கற்பித்தார்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தட்டும். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்க வேண்டும்.

இந்த இறக்கத்தில்தான் பின்னால் வருபவரின் பொறுமை முற்றாக அறுந்துபோகிறது. ‘ஏற்றத்தில் முடியவில்லை, சரி, இறக்கத்திலுமா?’ என்பது அவரது கேள்வி. பழைய காருக்கு நிற்பதற்குக் கூடுதலான தூரம் தேவை. அதனால் ஓட்டுபவர் முன்னே இடைவெளி விட்டுச் செல்கிறார். அந்த இடைவெளியைக் கண்டதும் ஒரு முச்சக்கர வண்டி அதற்குள் நுழைந்துவிடுகிறது. மீண்டும் இடைவெளி விட வேண்டும். மீண்டும் இன்னொன்று நுழையும். சலிப்புத் தரும் காரியந்தான். ஆயினும் ஒவ்வொரு முறையும் விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தாலும் வெல்லவாய சேரும்போது சில நிமிடங்களே பிந்தியிருக்கும்.

இந்த வீதிகளில் என்ன பணயமாக இருக்கிறது என்பதை ஊவா மக்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டு மார்ச் 20ஆந் திகதி காலை, லுணுகலையிலிருந்து வந்த தனியார் பஸ் ஒன்று, பசறைக்கு அண்மையில் பதின்மூன்றாம் கட்டையில், முன்னரே சரிந்து கிடந்த பாறையொன்றால் வீதி குறுகியிருந்த இடத்தில் பள்ளத்தில் வீழ்ந்து பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2025 செப்டெம்பர் 4ஆந் திகதி இரவு, எல்ல–வெல்லவாய வீதியில், தங்காலை நகர சபை ஊழியர்கள் சுற்றுலா வந்த பஸ் பாதாளத்தில் உருண்டு பதினைந்து பேர் உயிரிழந்தனர். காரணங்களை ஆராய்வது விசாரணையாளரின் வேலை. வீதியோரத்திலிருந்து பள்ளம் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை அறிய விசாரணை தேவையில்லை.

வண்டியில் செல்பவர்களைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. மலைநாட்டு வீதிகள் பலவற்றில் நடைபாதை கிடையாது. காலையிலே கொழுந்துக் கூடையுடன் மலைக்குப் போகும் பெண்கள், மாலையிலே வெள்ளைச் சீருடையில் வரிசையாக வீடு திரும்பும் பிள்ளைகள், விறகுக் கட்டைத் தலையில் சுமந்து வருபவர்கள், எல்லாரும் நடப்பது தார் விளிம்பில். பழைய காரை வளைவில் முந்த முனையும் வான், எதிரே லொறியைக் கண்டு திடீரென இடப்பக்கம் திரும்பும்போது, இடிபடுவது காராக இருக்கலாம். காரும் விலகினால், விளிம்பில் நடந்துவரும் பிள்ளையாக இருக்கலாம். அவசரத்தை அவசரத்தால் எதிர்க்கக்கூடாது என்பதற்கு அந்தப் பிள்ளையைவிட வேறு நியாயம் தேவையில்லை. முந்துகிறவர் மீது கோபங்கொண்டு, அவரை விடமாட்டேன் என்று எஞ்சினை முறுக்கும் கிழவர்களும் இருக்கிறார்கள். நாற்பத்தெட்டுக் குதிரைவலுவை வைத்துக்கொண்டு வீரம் பேசுவது பார்ப்பதற்கு வேடிக்கை. வளைவிலே அது வேடிக்கையன்று. முந்தத் தொடங்கிவிட்டவருக்கு இடங்கொடுத்து வேகத்தைக் குறைப்பது அவருக்குச் செய்யும் உபகாரம் மட்டுமன்று.

ஹப்புத்தளையிலும் தியத்தலாவைப் பக்கத்திலும் மூடுபனி இறங்கும் நாட்களில், மங்கலான பழைய விளக்குகளை நம்பிப் புறப்படாதிருப்பதே உத்தமம். புறப்பட்டுவிட்டால், வீதியின் இடப்பக்க விளிம்பைக் கண்ணால் பற்றிக்கொண்டு ஊர்ந்து செல்ல வேண்டும். தூர வெளிச்சத்தைப் போட்டால் பனியே வெள்ளைச் சுவராகி நிற்கும்.

பெருவீதியை விட்டுத் தோட்டத்து வீதிக்குள் நுழைந்ததும் பழைய காருக்கு மரியாதை தானாகவே கூடிவிடுகிறது. அங்கே வீதி ஒரு வண்டிக்கு மட்டுமே இடங்கொடுக்கும். எவரும் எவரையும் முந்த இயலாது. கேள்வியெல்லாம், எதிரெதிரே சந்தித்தால் யார் பின்வாங்குவது என்பதுதான். ஏறிவரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிடுவது மலை வழக்கம். நின்றுவிட்டால் ஏறுபவருக்கு மறுபடி புறப்படுவது கடினம். கொழுந்து ஏற்றிய லொறியைப் பின்வாங்கச் சொல்வது முறையன்று. அதன் சுமை தொழிற்சாலையில் குறித்த நேரத்துக்குள் வாட்டுத் தட்டில் பரப்பப்பட வேண்டியது. ஆகவே மொறிஸ் மைனர்தான் பின்னே போகும். லொறியின் உதவியாள் குதித்து இறங்கி, பின்னால் நின்று, கானுக்குள் சக்கரம் விழாதபடி கை காட்டுவான். “ஐயா, இன்னும் கொஞ்சம் வரட்டும், வரட்டும்… போதும்” என்பான். லொறி உரசாமல் கடந்து செல்லும். அதன் சாரதி, கடக்கும்போது, வலக்கையைத் தூக்கி நெற்றியருகே கொண்டுபோய் இறக்குவார்.