குழிநரிக்குப் பெயர் கிடைப்பது எப்படி?



இன்றைய பேச்சு ஒரு சின்னப் பூச்சியைப் பற்றியது.

வீட்டுச் சுவர் ஓரத்தில், மழை நனைக்காத இடத்தில், மண் மாவு போல இருக்கும். அந்த மண்ணில் சிறு சிறு குழிகளைப் பார்த்திருப்பீர்கள். புனல் போன்ற குழிகள். குழியின் அடியில் ஒரு பூச்சி புதைந்திருக்கும். எறும்பு குழியில் விழுந்தால் ஏற முடியாது. மண் சரியும். பூச்சியும் தலையால் மண்ணை வாரி எறியும். எறும்பு கீழே உருண்டு வரும். பூச்சி பிடித்துக்கொள்ளும்.

இதுதான் குழிநரி. கேரளத்தில் இதைக் குழியானை என்கிறார்கள். விஞ்ஞானிகள் கிரேக்க மொழியில் மிர்மிலியான் என்று பெயர் வைத்தார்கள். அதற்கு எறும்புச் சிங்கம் என்று பொருள். ஓர் ஊரில் நரி. ஓர் ஊரில் யானை. புத்தகத்தில் சிங்கம். பூச்சியோ விரல் நகத்தின் அளவுதான்!

உலகத்தில் குழிநரிகள் ஒரே வகை அல்ல. சுமார் 2,000 வகைகள் உண்டு. ஒவ்வொரு வகையையும் இனம் என்று சொல்வார்கள். இன்றும் புதிய இனங்களைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். இந்தப் பூச்சி காலம் காலமாக இருக்கிறது. பிறகு எப்படி அது புதிய இனம் ஆகும்?

பூச்சி புதியது அல்ல. அதைப் பற்றிய எழுத்துதான் புதியது. அதன் உடலை யாரும் அதுவரை அளந்து, பார்த்து, எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்த பிறகுதான் அதற்கு ஒரு பெயர் கிடைக்கிறது. அதன் பிறகுதான் மற்றவர்களும் அதை அறிய முடிகிறது.

அந்த உடலை எப்படி எழுதுகிறார்கள்? அதைத் தெரிந்துகொள்ளும் முன், குழிநரியின் வாழ்க்கையைப் பற்றிக் கொஞ்சம் அறிய வேண்டும்.

குழியில் இருப்பது பூச்சியின் இளம் பருவம். அதாவது புழு. இந்தப் புழு பல மாதங்கள் மண்ணில் வாழும். சில இனங்களில் இரண்டு, மூன்று ஆண்டுகள்கூட ஆகும். பிறகு அது தன் உடலிலிருந்து பட்டு நூல் விடும். நூலோடு மணலைச் சேர்த்து உருண்டையாகக் கூடு கட்டும். சில வாரங்கள் கழித்து கூட்டிலிருந்து சிறகுள்ள பூச்சி வெளியே வரும். அது இரவில் பறக்கும். சில வாரங்களே உயிர் வாழும். அதற்குள் முட்டையிட்டு இறந்துவிடும்.

சிறகுள்ள குழிநரியைப் பார்த்தால் தும்பி என்றே நினைப்பீர்கள். நீண்ட மெலிந்த உடல். வலை போன்ற நான்கு சிறகுகள். இரவில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும். குழியில் இருந்ததும் விளக்கடியில் இருப்பதும் ஒரே பூச்சி என்பது பலருக்குத் தெரியாது.

தும்பிக்கும் குழிநரிக்கும் வேறுபாடு என்ன? இரண்டு அடையாளங்களை நினைவில் வையுங்கள்.

ஒன்று, தலையில் உள்ள உணர்கொம்பு. தும்பிக்கு அது மயிர் போல மிகச் சிறியது. கண்ணுக்கே சரியாகத் தெரியாது. குழிநரிக்கு அது தடித்து, நுனியில் பருத்து இருக்கும். சிறு தடி போலத் தோன்றும்.

இரண்டு, சிறகு. தும்பி உட்காரும்போது அதன் சிறகுகள் உடலோடு மடங்குவதில்லை. குழிநரி தன் சிறகுகளை உடலின் மேல் கூரை போல மடக்கிக்கொள்ளும்.

சரி. ஒருவர் காட்டில் ஒரு குழிநரியைப் பிடிக்கிறார். அது புதிய இனமாக இருக்கலாம் என்று நினைக்கிறார். அவர் என்ன செய்வார்?

முதலில் அளவு எடுப்பார். உடல் எத்தனை மில்லிமீட்டர்? முன் சிறகு எவ்வளவு நீளம்? பின் சிறகு எவ்வளவு நீளம்? எது நீளம், எது குட்டை? ஒரு பூச்சியை மட்டும் அளந்தால் போதாது. நன்றாக இரை கிடைத்த புழு பெரிய பூச்சியாக வரும். இரை கிடைக்காத புழு சிறிய பூச்சியாக வரும். ஆகவே கிடைத்த எல்லாவற்றையும் அளக்க வேண்டும்.

அடுத்து, தலையிலிருந்து வால் வரை வரிசையாக எழுதுவார்.

தலை என்ன நிறம்? நெற்றியில் கறுப்புப் பட்டை உண்டா? கழுத்தை ஒட்டிய பகுதியில் எத்தனை கோடுகள்? அவை நேராக உள்ளனவா, வளைந்து உள்ளனவா?

பிறகு கால்கள். ஒரு காலைப் பற்றி எழுதும்போது, "கால் மஞ்சள்" என்று எழுதினால் போதாது. மஞ்சள் கால் எத்தனையோ பூச்சிகளுக்கு உண்டு. "காலின் மேல்பாதி மஞ்சள். கீழ்ப்பாதியில் இரண்டு கறுப்பு வளையங்கள். நுனியில் இரண்டு நகங்கள்" என்பது போல எழுத வேண்டும். அப்போதுதான் படிப்பவர் மனதில் அந்தக் கால் தெரியும்.

பிறகு சிறகு. அதுதான் குழிநரியின் கைரேகை போன்றது. சிறகில் நரம்புகள் நெடுக்கும் குறுக்குமாக ஓடும். அவற்றுக்கு நடுவே சிறு சிறு அறைகள் இருக்கும். சிறகின் நுனிக்கு அருகே, முன் ஓரத்தில், ஒரு சிறிய திட்டு இருக்கும். அதை ஒட்டி, அதற்குக் கீழே, ஒரு நீளமான அறை இருக்கும். அது குழிநரிக் குடும்பத்தின் அடையாளம். இந்த நரம்புகளை எண்ணி எழுதுவார்கள். எங்கே பிரிகிறது, எங்கே சேர்கிறது என்று படம் வரைவார்கள்.

கடைசியாக, வயிற்றின் நுனி. ஆண் பூச்சியின் வயிற்று நுனியில் இனப்பெருக்க உறுப்புகள் உள்ளன. வெளியே ஒன்று போலத் தெரியும் இரண்டு இனங்களுக்கு இந்த உறுப்பின் வடிவம் வேறாக இருக்கும். அந்த நுனியைக் காரக் கரைசலில் ஊறவைத்துச் சுத்தம் செய்வார்கள். நுண்நோக்கியில் வைத்துப் பார்த்து எழுதுவார்கள்.

புழு கிடைத்தால் அதையும் எழுதுவார்கள். புழுவின் தாடைகள் இரண்டு அரிவாள்கள் போல இருக்கும். உள்பக்கம் பற்கள் இருக்கும். அந்தத் தாடைக்குள் ஒரு குழாய் உண்டு. புழு எறும்பைக் கடித்து மெல்லாது. அந்தக் குழாய் வழியாகச் சாற்றை உறிஞ்சும். தாடையில் எத்தனை பற்கள், இடையில் எத்தனை மயிர்கள் என்பதெல்லாம் அடையாளங்கள்தான்.

எல்லாக் குழிநரிப் புழுக்களும் குழி தோண்டுவதில்லை. பல இனங்கள் மணலில், சருகுக்கு அடியில், பாறை இடுக்கில் ஒளிந்து இரை பிடிக்கின்றன. அதனால் பல இனங்களின் புழு எது என்று இன்றும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரு நல்ல வழி உண்டு. புழுவை மணல் உள்ள பாத்திரத்தில் வளர்க்க வேண்டும். எறும்பு கொடுக்க வேண்டும். சிறகு முளைத்து வரும் வரை காத்திருக்க வேண்டும். பல மாதப் பொறுமை வேண்டும்.

இவ்வளவையும் எழுதிய பிறகு, பழைய நூல்களில் உள்ள இனங்களோடு ஒப்பிடுவார்கள். எதனோடும் பொருந்தவில்லை என்றால்தான் அது புதிய இனம். பிறகு பெயர் வைப்பார்கள். 1758-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு லின்னேயஸ் வெளியிட்ட நூலிலிருந்து இந்தப் பெயர் முறை தொடங்குகிறது. ஒவ்வோர் இனத்துக்கும் இரண்டு சொற்களால் ஆன பெயர்.

ஓர் உதாரணம். இந்தியாவில் சிறகில் கரும்புள்ளிகள் உள்ள பெரிய குழிநரி ஒன்று இருக்கிறது. 1842-இல் பிரெஞ்சு விஞ்ஞானி ராம்பூர் அதற்குப் பல்பாரஸ் பார்டஸ் என்று பெயர் வைத்தார். பார்டஸ் என்றால் சிறுத்தை. பெயரைக் கேட்டாலே புள்ளிகள் நினைவுக்கு வரும்.

எழுதுவதில் குறை இருந்தால் என்ன ஆகும்? அதற்கும் ஓர் உதாரணம் உண்டு. ஸ்பெயின் நாட்டில் நவாஸ் என்று ஒரு பாதிரியார் இருந்தார். அவர் 1858-இல் பிறந்தார். 1938-இல் இறந்தார். பெரிய உழைப்பாளி. இந்தியா உட்படப் பல நாடுகளின் பூச்சிகளுக்குப் பெயர் வைத்தார். ஆனால் அவர் எழுதியவற்றில் பல மிகச் சுருக்கமானவை. அவர் பார்த்த பூச்சிகளில் பல இன்று கிடைப்பதில்லை. ஒரே பூச்சிக்கு இரண்டு பெயர் விழுந்ததும் உண்டு. பூச்சியும் இல்லை, எழுத்திலும் விவரம் இல்லை என்றால், பின்னால் வருபவர் எதைப் பார்ப்பார்? இன்றும் ஆராய்ச்சியாளர்கள் அந்தச் சிக்கலை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதனால்தான் இன்று கடுமையான விதி உண்டு. பெயர் வைக்கும்போது ஒரு பூச்சியை மாதிரியாகக் குறிக்க வேண்டும். அதைப் பாதுகாப்பான இடத்தில் வைக்க வேண்டும். இந்தியாவில் அப்படிப்பட்ட இடங்களில் முக்கியமானது கொல்கத்தாவில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம். 1916-இல் தொடங்கப்பட்டது. அங்கே ஊசியில் குத்தி வைத்த ஒவ்வொரு பூச்சியின் கீழும் ஒரு சிறு சீட்டு இருக்கும். எந்த ஊர், எந்தத் தேதி, யார் பிடித்தார் என்று அதில் எழுதியிருக்கும். சீட்டு இல்லாத பூச்சிக்கு மதிப்புக் குறைவு. எங்கே கிடைத்தது என்று அது சொல்லாது அல்லவா?

இதனால் யாருக்கு என்ன பயன் என்று சிலர் கேட்கலாம்.

ஆற்று மணலை அள்ளுகிறார்கள். காட்டை வெட்டுகிறார்கள். மண் தரை சிமெண்டுத் தரை ஆகிறது. அங்கே வாழ்ந்த பூச்சி என்ன ஆகும்? பெயர் உள்ள பூச்சி அழிந்தால், "இது இங்கே இருந்தது, இப்போது இல்லை" என்று சொல்ல முடியும். கேள்வி கேட்க முடியும். பெயர் இல்லாத பூச்சி அழிந்தால், அது இருந்ததே யாருக்கும் தெரியாது. மனிதருக்கும் இது பொருந்தும். பட்டியலில் பெயர் இல்லாதவர் ரேஷன் கடையில் நின்று என்ன கேட்க முடியும்?

எழுதப் படிக்கத் தெரிந்த உங்களுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. மண்ணை நன்றாக அறிந்தவர்கள் நீங்கள். எந்தச் சுவர் ஓரத்தில் குழி இருக்கிறது, எந்த மாதம் விளக்குக்குப் பூச்சி வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஊரை எழுதுங்கள். தேதியை எழுதுங்கள். உணர்கொம்பு எப்படி, சிறகு எப்படி, கால் எப்படி என்று பார்த்ததை மட்டும் எழுதுங்கள். பார்க்காததை எழுதாதீர்கள். கைபேசியில் படம் எடுத்தாலும் எழுதி வையுங்கள். படத்தில் எல்லாம் தெரியாது.

உங்களை ஒருபோதும் பார்க்காத ஒருவர் அந்த நோட்டைப் படிப்பார். படித்ததும் அந்தப் பூச்சியை அவர் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். அப்படி எழுதினால் அது நல்ல எழுத்து.