சொத்தா, குப்பையா? பதில் சொல்லுங்கள்!



போன வாரம் நம் வட்டாரத்துக் கல்லூரி ஒன்றில் நடந்ததைச் சொல்லத்தான் இந்த மேடையில் நிற்கிறேன். அங்கே துப்புரவு வேலை பார்க்கிறார் ஒரு அம்மா. ஒப்பந்தக் கூலி. பிள்ளைகள் வகுப்பறையிலும் கேன்டீனிலும் போட்டுவிட்டுப் போகிற தண்ணீர் பாட்டில்களை அவர் தனியாக எடுத்து வைப்பார். மிச்சத் தண்ணீரை வேப்பமரத்துத் தூரில் ஊற்றுவார். மூடியைக் கழற்றித் தனியே போட்டு, பாட்டிலை மிதித்துத் தட்டையாக்கி, அரிசிச் சாக்கில் கட்டுவார். சாக்கு நிரம்பினால் பழைய பேப்பர் கடைக்குப் போகும். அதில் வருகிற சில்லறை அவர் வீட்டுக் காய்கறிச் செலவு.

போன வாரம் ஒரு சாயங்காலம் கல்லூரி ஆட்கள் கேட்டில் அவரை மறித்தார்கள். சாக்கைப் பிடுங்கித் தரையில் கொட்டினார்கள். "கல்லூரிச் சொத்தைத் திருடினாய், நாளையிலிருந்து வராதே" என்று சொல்லிவிட்டார்கள். இருட்டுவதற்குள், அதே பாட்டில்களை விடுதிக்குப் பின்னால் அள்ளிப்போட்டுத் தீ வைத்தார்கள்.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன். அது சொத்து என்றால், ஏன் கொளுத்தினீர்கள்? அது குப்பை என்றால், அந்த அம்மா எப்படித் திருடி ஆனார்?

நிர்வாகத் தரப்பு என்ன சொல்கிறது தெரியுமா? பிள்ளைகள் படிக்க வந்திருக்கிறார்களாம், குப்பை பிரிக்க வரவில்லையாம்! சாப்பிட்ட இலையை எடுத்துப் போடத் தெரியாத படிப்பு என்ன படிப்பு ஐயா?

சட்டத்துக்கு வருவோம். திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-இலேயே என்ன சொன்னன என்று கேளுங்கள். ஒரு நாளைக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் கழிவு வெளியே தள்ளுகிற இடமெல்லாம் பெருங்கழிவு உற்பத்தியாளர் என்றன. கல்லூரியும் பல்கலைக்கழகமும் விடுதியும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டவை. 5,000 சதுர மீட்டருக்கு மேல் இடம் வைத்திருக்கிற நிறுவனம் மக்குவது, மக்காதது எல்லாவற்றையும் பிறக்கிற இடத்திலேயே பிரிக்க வேண்டும் என்றன. மக்குவதைக் கூடுமானவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்கவோ எரிவாயுவாக்கவோ வேண்டும் என்றன. மறுசுழற்சிக்கு உரியதை யாரிடம் கொடுக்கச் சொன்னது அந்தச் சட்டம்? அங்கீகாரம் பெற்ற குப்பை சேகரிப்போரிடம் அல்லது மறுசுழற்சி செய்வோரிடம்! அந்த அம்மாவுக்கு ஓர் அடையாள அட்டை வாங்கிக் கொடுத்திருந்தால் அவர் செய்தது சட்டப்படியான வேலை. கொளுத்தியவர்களுக்கோ, திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று 2016 டிசம்பரிலேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அபராதம் விதித்து வைத்திருக்கிறது. வேலை போனது யாருக்கு? அபராதம் கட்டியது யார்?

2024 டிசம்பரை மறந்திருக்க மாட்டீர்கள். கேரளத்து மருத்துவக் கழிவைக் கொண்டுவந்து திருநெல்வேலிப் பக்கம் கொண்டாநகரத்திலும் கொடகநல்லூரிலும் பழவூரிலும் கொட்டினார்கள். நாம் கொதித்தோம். கொதித்தது நியாயம். தீர்ப்பாயம் கேரளத்துக்குக் கெடு வைத்தது. அவர்களே லாரிகளோடு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். அன்று வாட்ஸாப்பில் வீரவசனம் அனுப்பிய அதே பெரிய மனிதர்கள், இன்று தங்கள் காம்பவுண்டுச் சுவருக்குப் பின்னால் புகை எழும்பும்போது ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்கள். கேரள எல்லையில் புளியரை சோதனைச்சாவடியைத் தாண்டி வந்தால்தான் அது குப்பையா? நம் வளாகத்தில் பிறந்தால் அதற்குச் சாதிச் சான்றிதழ் வேறா?

குப்பையைப் பிரித்துப் போடக் கல்லூரியில் வாளி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நான் பார்த்தேன். பச்சை, நீலம், சிவப்பு என்று வரிசையாக நிற்கிறது. காலையில் வண்டி வருகிறது. மூன்று வாளியையும் அதே ஒரு வண்டியில் கவிழ்த்துக்கொண்டு போகிறது! கல்லூரியின் தரத்தை மதிப்பிட நாக் குழு வந்த வாரம் வாளிக்குப் புதுப் பெயிண்ட். குழு ரயிலேறிய மறுநாள் பச்சை வாளி விடுதிக் குளியலறையில் தண்ணீர் பிடித்தது. மாணவன் ஒழுங்காகப் பிரித்துப் போட்டு என்ன பயன்? வண்டிக்குள் எல்லாம் ஒன்றாகிறது.

கலந்தால் என்ன கேடு என்று கேட்கிறீர்களா? மெஸ்ஸில் மிஞ்சிய சாம்பார் சோறு ஒரு காகிதக் கட்டில் விழுந்தால், அந்தக் காகிதத்தை எந்த மில்லும் வாங்காது. எச்சில் சோறு குவியலுக்கு அடியில் காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வருகிறது. குப்பைக் கிடங்குகள் பற்றி எரிய அதுவும் ஒரு காரணம். 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் கிடங்கில் தீப்பிடித்துப் பத்து நாளுக்கு மேல் அந்த நகரமே புகையில் மூச்சுத் திணறியது. அதே சோற்றையும் காய்கறித் தோலையும், வளாகத்தில் தினமும் கூட்டிக் கொளுத்துகிற வேப்பஞ்சருகோடு அடுக்கடுக்காகப் போட்டு, அவ்வப்போது கிளறி, ஈரம் காயாமல் பார்த்தால், இரண்டு மூன்று மாதத்தில் உரம். அதற்கு ஒரு தொட்டியும் ஒரு மண்வெட்டியும் போதும்.

நம் சங்கரன்கோவிலுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விசைத்தறிக் கூடத்துக்குப் போய்ப் பாருங்கள். கழிவு நூலை யாரும் தெருவில் வீசுவதில்லை. சேர்த்து வைத்து எடை போட்டு விற்கிறார்கள். அது ஒர்க்ஷாப்புக்குப் போய் மெக்கானிக் கையில் ஆயில் துடைக்கிறது. தறி ஓட்டுகிற அண்ணாச்சிக்குத் தெரிந்த கணக்கு, முனைவர் பட்டம் வாங்கியவர்களுக்குத் தெரியவில்லை!

இன்னொரு வேடிக்கை. 2022-இல் உயர் நீதிமன்றம் சொல்லி, நீலகிரியில் டாஸ்மாக் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்று தொடங்கினார்கள். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. குடித்த பாட்டிலைத் திருப்பிக் கொடுப்பவனுக்குக் கையில் காசு. குடிதண்ணீர் பாட்டிலைப் பொறுக்கியவளுக்குத் திருட்டுப் பட்டம். இதுதான் நாம் பிள்ளைகளுக்கு நடத்துகிற பாடமா?

கல்லூரியால் முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன், சூடாக்கிய ஜல்லியின்மேல் கழிவு பிளாஸ்டிக்கை உருக்கிப் பூசி, அதோடு தார் கலந்து சாலை போடும் வழியைக் கண்டார். 2002-இல் தங்கள் வளாகத்துக்குள்ளேயே போட்டுக் காட்டினார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ. மதுரை என்ன, வேறு தேசமா? ஒரு பேராசிரியர் பார்வையில் கழிவு பிளாஸ்டிக் ஆராய்ச்சிப் பொருள். இங்கே ஒரு நிர்வாகத்தின் பார்வையில் அது ஏழை மேல் பழிபோட ஒரு சாக்கு!

மறுபடியும் கேட்கிறேன், பதில் வரும்வரை கேட்பேன்: சொத்தா, குப்பையா?

நாங்கள் கேட்பது நான்கு. அந்த அம்மாவை மன்னிப்புக் கேட்டு வேலைக்கு எடுங்கள், அடையாள அட்டையும் கையுறையும் கொடுங்கள். ஈரக் கழிவுக்கும் உலர் கழிவுக்கும் தனித்தனி வண்டி விடுங்கள். விடுதிக்குப் பின்னால் தீ வைக்கிற இடத்தில் உரத்தொட்டி கட்டுங்கள். ஒவ்வொரு தளத்திலும் நல்ல குடிநீர்க் குழாய் வையுங்கள். தண்ணீர் கிடைத்தால் பிள்ளைகள் எவர்சில்வர் பாட்டிலோடு வருவார்கள், வாங்கிப் போடுகிற பாட்டில் தானாகக் குறையும்.

மாணவர்களே, கேன்டீனில் நாளைக்கு நீங்கள் வாங்காத பாட்டிலைப் பொறுக்க எந்தத் தாயும் குனிய வேண்டியதில்லை. அது உங்கள் பங்கு. மற்றது எங்கள் பங்கு. வருகிற திங்கட்கிழமை தென்காசி ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கிறோம். கையெழுத்துத் தாள் மேடைக்குக் கீழே மேசையில் இருக்கிறது. போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.