பால்மரத்தின் இலையுதிர் காலம்



பினாங்கிலும் செபராங் பிறையிலும் ஆண்டின் தொடக்கம் வறட்சியான காலமாகும். அப்பொழுது பால்மரம் இலைகளை உதிர்த்து, சில வாரங்களில் மீண்டும் தளிர்க்கின்றது.

வெயில் தொடர்ந்து காய்ந்தால் இலைகள் ஒருசேர உதிரும். புதிய இலைகளும் ஒருசேர விரைவில் முற்றும். இடையிடையே தூறலும் மூடுபனியும் வந்தாலோ, இளந்தளிரில் ஓய்டியம் என்னும் வெண்பூஞ்சை படர்ந்து, இலை இரண்டாம் முறையும் கொட்டும்.

தளிர்விடும் மரம் தன் சேமிப்பு உணவை இலைக்கே செலவிடுகின்றது. ஆகவே மங்கில் பால் குறைகின்றது. அது வெட்டுவோரின் குற்றமன்று. குறையை ஈடுகட்ட ஆழமாக வெட்டினால் மரம் காயமுறும். மீண்டும் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகிப் பிற்காலப் பாலையும் கெடுக்கும்.

2017ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் பெஸ்டலோட்டியோப்சிஸ் என்னும் இலையுதிர்வு நோயும் காணப்படுகின்றது. எனவே பருவம் தவறி இலை கொட்டினால், இயல்பென்று எண்ணியிராமல் உடனே மேற்பார்வையாளரிடம் தெரிவியுங்கள்.

வருவாய் குறையும் மாதங்கள் ஆண்டுதோறும் வருபவை. பால் பெருகும் நாளிலேயே அவற்றுக்கெனச் சிறிது சேமித்து வையுங்கள். மரமும் அவ்வாறே செய்கின்றது.