கடலில் ஒரு கிலோமீட்டர், கரையில் ஐந்து

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "கடல்ல நீந்தி ஓடுற போட்டியில கலந்துக்கிட்டீங்களாமே, அதைப் பத்திப் பேசுங்க" என்றார். "ஐயா, நான் ஜெயிக்கலையே" என்றேன். "அதனாலென்ன, பத்து நிமிஷம்தானே" என்றார்.

போட்டி சென்ற ஆண்டு மார்ச் மாதம், சென்னைக்குத் தெற்கே கோவளத்தை ஒட்டிய கடற்கரையில் நடந்தது. முதலில் கடலில் 1 கி.மீ. நீச்சல். கரையேறியவுடன் ஷூவை மாட்டிக்கொண்டு 5 கி.மீ. ஓட்டம். அக்வத்லான் என்று பெயர். டிரையத்லானிலிருந்து சைக்கிளைக் கழித்தால் மிஞ்சுவது இதுதான். பந்தய சைக்கிளின் விலையை விசாரித்த பிறகு, இதுவே நமக்கு உகந்த விளையாட்டு என்று முடிவு செய்தேன்.

நான் ஈரோட்டுப் பக்கம் கிணற்றில் நீச்சல் பழகியவன். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி மாமா தள்ளிவிட்டார், அவ்வளவுதான் பயிற்சி. கிணற்று நீச்சல்காரன் தலையைத் தண்ணீருக்குள் விடவே மாட்டான். தலை மேலே போனால் கால் கீழே போகும். உடம்பு சாய்வாக நின்று தண்ணீரைத் தள்ளும். அதில் முப்பது மீட்டர் போகலாம், ஆயிரம் மீட்டர் போக முடியாது. முப்பத்து நான்கு வயதில் நீச்சல் குளத்தில் சேர்ந்து, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து, முகத்தை முக்கி மூச்சுவிடக் கற்றேன். "அங்கிள், மூக்கால ஊதுங்க" என்று ஒரு குட்டிப் பெண் சொல்லிக்கொடுத்தாள்.

திரவ இயக்கவியலில் எனக்கு அரியர் இருந்தது இங்கே சிலருக்கு நினைவிருக்கும். இன்று பம்புத் தொழிற்சாலையில்தான் பிழைக்கிறேன், அது வேறு கதை. வேகம் இரட்டித்தால் தண்ணீரின் எதிர்ப்பு நான்கு மடங்காகும், அதை வெல்லத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும் என்று சார் கரும்பலகையில் எழுதியது குளத்தில்தான் புரிந்தது. கையைக் காலை வேகமாக அடிப்பதைவிட உடம்பை நேராக வைத்துக்கொள்வதே லாபம்.

ஆனால் எனக்கு இருந்த தடை நீச்சல் மட்டுமல்ல. மூன்றாம் ஆண்டுப் பரீட்சை முடிந்த மறுநாள் ஐந்து பேர் கடலுக்குப் போனோம். எல்லாரும் "நீச்சல் தெரியும்" என்றவர்கள்தாம். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவனை இழுப்பு கொண்டுபோய்விட்டது. அவன் கரையைப் பார்த்தே நீந்தினான், பின்னாலேயே போனான். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கத்தக்கூட இல்லை. வலை காய வைத்துக்கொண்டிருந்த மீனவர் இருவர் பாய்ந்து தூக்கி வந்தார்கள். அன்றிரவு விடுதியில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அதற்கப்புறமும் பேசவில்லை. அவன் இந்த அரங்கில்தான் உட்கார்ந்திருக்கிறான். பெயர் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை.

மாணவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இழுப்பில் மாட்டினால் கரையை நோக்கி மல்லுக்கட்டாதீர்கள். கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு விலகுங்கள், பிறகு கரைக்குத் திரும்புங்கள். முடியவில்லை என்றால் மிதந்துகொண்டு கையை உயர்த்துங்கள். இது எங்களுக்கு அன்றைக்குத் தெரியாது.

போட்டியன்று காலை ஆறு மணி. படகில் இருந்த மீனவர், "தம்பி, தண்ணி வடக்கால இழுக்குது. மிதவைக்கு நேரா போவாத, கொஞ்சம் தெக்க ஒதுங்கிப் போ" என்றார். விசில் ஊதியதும் அவர் சொன்னதை மறந்தேன். ஐம்பது பேரின் கையும் காலும் முகத்தில். இரண்டாவது மிதவைக்கு முன்னால் ஓர் உதை, கண்ணாடிக்குள் உப்புத் தண்ணீர். கண் எரிய, மூச்சு அடைக்க, கரை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. அந்த நிமிஷத்தில் எனக்கு அந்தப் பழைய கடல்தான் தெரிந்தது.

கையை உயர்த்தினேன். துடுப்புப் படகில் ஒரு பையன் வந்தான். "பிடிச்சுக்குங்க சார், ரூல்ல இருக்கு. முன்னாடி மட்டும் இழுத்துட்டுப் போக மாட்டேன்." பிடித்துக்கொண்டு முப்பது மூச்சு எண்ணினேன். "கரைக்குப் போயிடலாமா சார்?" என்றான். வேண்டாம் என்று தலையாட்டியது நான்தானா என்று இன்றும் சந்தேகம். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பெரியவர் சொன்னபடி தெற்கே ஒதுங்கிக் கிளம்பினேன்.

கரையேறி எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. இவ்வளவு நேரம் படுத்த வாக்கில் இருந்த உடம்பு திடீரென நிமிர்கிறதல்லவா! ஷூவுக்குள் ஈரக் காலும் மணலும். ஓட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அறுபது வயதுக்காரர் ஒருவர் என்னைத் தாண்டிப் போனார், போகிற போக்கில் "வாங்க தம்பி" என்று வேறு கூப்பிட்டார். மொத்தம் 1 மணி 14 நிமிடம். கடைசியிலிருந்து ஆறாவது.

முடிவுக் கோட்டருகே என் துண்டையும் செருப்பையும் வைத்துக்கொண்டு அந்த நண்பன் நின்றிருந்தான். கூப்பிட்டதும் பெங்களூரிலிருந்து இரவு பஸ் பிடித்து வந்தவன். "மாப்ளே, நடுவுல படகைப் பிடிச்சியே, அப்ப என்னடா நினைச்ச?" என்றான்.

"உன்னைத்தான்டா. அன்னைக்கு நான் கத்தக்கூட இல்லை."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். "எனக்குத் தெரியும்டா. நீ நின்னுட்டு இருந்ததைப் பாத்தேன். நீயும் வந்திருந்தா ரெண்டு பேரும் போயிருப்போம்" என்றான். பிறகு பேன்ட்டை மடித்துவிட்டு முழங்கால் அளவுக்குத் தண்ணீரில் இறங்கினான். நானும் கூடப் போய் நின்றேன்.

இப்போது அவன் ஒரு குளத்தில் சேர்ந்திருக்கிறான். போன வாரக் கணக்குப்படி நிற்காமல் நான்கு நீளம். அடுத்த மார்ச்சுக்கு இருவர் பெயரையும் கொடுத்துவிட்டேன். அவனிடம் இன்னும் சொல்லவில்லை, இப்போதுதான் கேட்கிறான்.