காப்பகமும் மலைத்தீவும்



போடிநாயக்கனூரை அடுத்த ராசிங்காபுரத்தில் நின்று மேற்கே நோக்குவோமாயின், சுவர்போல் நிமிர்ந்த மலைத்தொடர் நம் கண்ணை நிறைக்கும். அதற்கு அப்பால் ஏலத்தோட்டங்கள். அவற்றிடையே மதிகெட்டான் சோலை. உள்ளே புகுந்தவன் வழியறியாது மதி மயங்குவான் என்பதனால் அப்பெயர் வந்ததென்பர். ஆக்கிரமிப்புகளுக்கு ஆளாகியிருந்த அச்சோலையைக் கேரள அரசு 2003-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவித்தது. அதன் பரப்பு 12.82 சதுர கிலோமீட்டர். இவ்வாறு எல்லை வகுத்துக் காத்துவிட்டால், காட்டிலுள்ள உயிர்வகைகள் யாவும் பிழைத்துவிடுமா? இதுவே இன்று நாம் ஆராயவேண்டிய வினா.

காப்பகத்தால் நன்மை உண்டென்பதில் ஐயமில்லை. கோடரியும் துப்பாக்கியும் விலகிய இடத்தில் உயிர்கள் தழைக்கும். அதனினும் பெரிய நன்மை ஒன்றுண்டு: நாம் இன்னும் அறியாத உயிர்களையும் அது காக்கிறது. 1948-இல் மேகமலையில் ஹட்டன் என்னும் இயற்கை ஆர்வலர் பழந்தின்னி வௌவால் ஒன்றைச் சேகரித்தார். அது சாதாரண வகையென்றே எண்ணப்பட்டு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரத்தில் கிடந்தது. 1972-இல் தாய்லாந்து அறிஞர் தொங்லொங்யா அதனை ஆராய்ந்து, அறிவியல் அறியாத புதிய பேரினத்தைச் சேர்ந்தது என்று கண்டு, பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் பெயரை அதற்குச் சூட்டினார். மேகமலைக் காடு 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று.

ஆயினும் எல்லைக்கல் மட்டும் போதாது. வெப்பமண்டலக் காட்டில் உயிர்வகைகள் மிகப் பல. அவற்றுள் பெரும்பாலான வகைகளோ எண்ணிக்கையில் மிகச் சில. எனவே காடு சுருங்கினால், அருகிய வகைகளே முதலில் அழியும். இதற்குப் பனாமா நாட்டில் ஒரு சான்று உண்டு. கால்வாய்க்காக ஆற்றைத் தேக்கியபோது, 1914-ஐ ஒட்டிக் குன்றொன்று நீர் சூழ்ந்து பாரோ கொலராடோ என்னும் தீவாயிற்று. சுமார் 15 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அது 1923 முதல் காப்பிடமாக இருந்து வருகிறது. மரங்கள் நிலைத்தன, ஆனால் தரையோரம் வாழும் காட்டுப் பறவைகள் பல ஒவ்வொன்றாக மறைந்தன. அகன்ற நீர்ப்பரப்பைக் கடந்து வந்து அவற்றின் இடத்தை நிரப்ப அவ்வினப் பறவைகளால் இயலவில்லை.

மதிகெட்டானோ அத்தீவினும் சிறியது! நல்வாய்ப்பாக, அதனைச் சூழ்ந்திருப்பது நீரன்று, ஏலம். ஏலச்செடி நிழலில் வளர்வது. நிழல் தரும் நெடுமரங்கள் நிற்கும் வரையில் தோட்டம், பறவைக்கும் அணிலுக்கும் வௌவாலுக்கும் பாலமாகும். மரங்களைக் கழித்து, அளவின்றி நஞ்சு தெளித்தால் அதுவே கடக்கவொண்ணாக் கடலாகும். தேனீயே ஏலப்பூவில் மகரந்தம் சேர்ப்பதாதலின், தேனீ மடிந்தால் தோட்டக்காரருக்கும் இழப்பே.

மற்றொன்றும் நினைவிற் கொள்வோம். காட்டோரத்தில் யானை புகுந்து பயிரை மிதிக்கும்போது, அங்கு உழைத்து வாழும் எளியவரே துன்புறுகின்றனர். அவர்தம் இழப்பை ஈடுசெய்யாது அவரிடம் காட்டின் அருமையைப் பேசுதல் அறமன்று, பயனும் தராது.

அன்பர்களே! அடிவார ஊர்களிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறுவோர் பலர். அவர்களுடைய பிள்ளைகளாகிய உங்களிற் சிலர் நாளை அத்தோட்டங்களை நடத்தவும் கூடும். அன்று ஒரு நிழல்மரத்தை வெட்டுமுன் சற்றே நின்று எண்ணுங்கள்: காப்பகத்தின் எல்லை முடியுமிடத்தில் உங்கள் காவல் தொடங்குகிறது.