பன்னிரண்டு படங்கள்



புகைப்படத் தொழிலில் நெடுங்காலம் ஈடுபட்டவன் என்பதறிந்து, மாணவர் சிலர் அவ்வப்போது என்னைத் தேடி வருவதுண்டு. வந்து அமர்ந்ததும் அவர்கள் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: “ஐயா, எந்தக் காமிரா வாங்கலாம்?” அடுத்த கேள்வி சற்றுத் தயங்கி வரும்: “அவ்வளவு பணம் எங்களிடம் இல்லையே, என்ன செய்வது?” இந்த இரண்டாம் கேள்விக்குத்தான் இன்று விடை கூற முற்படுகிறேன். ஒரு காலத்தில் அது என் கேள்வியாகவும் இருந்தது.

இராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். 1856-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பழைய ரயில் நிலையம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தொலைவில் இருந்தது. தந்தையார் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதிவந்தார். ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்கு அந்த ஊதியம் மாதக் கடைசியை எட்டிப் பிடிப்பதே அரிது. அந்நிலையில் 1973-ஆம் ஆண்டில், கல்லூரி முதலாண்டு மாணவனாகிய எனக்குப் புகைப்படக் கலையில் ஆசை பிறந்தது. ஆசைக்கு வீட்டின் வரவு செலவு தெரியுமா?

என் மாமா ஒருவரிடம் ‘ஆக்ஃபா கிளிக் 3’ என்னும் சிறு காமிரா இருந்தது. பரோடாவில் உருவாகி, நாடெங்கும் எளிய குடும்பங்களில் புழங்கியது அது. வெயிலுக்கு ஒரு குறி, மேகத்துக்கு ஒரு குறி. நுட்பமாகத் திருப்பிச் சரிசெய்ய அதில் வேறு அதிகம் இல்லை. ஒரு சுருள் பிலிமில் பன்னிரண்டு படங்கள் எடுக்கலாம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதை எனக்கு இரவல் தர மாமா இசைந்தார். சுருள் வாங்கவும், கழுவி அச்சிடவும் ஆகும் செலவை நானே தேடிக்கொள்ள வேண்டும். அண்டை வீட்டுச் சிறுவர்க்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக் கிடைத்த தொகை ஒரு சுருளுக்குத்தான் போதுமானதாக இருந்தது. ஆகவே மாதத்துக்குப் பன்னிரண்டு படங்கள், அதற்குமேல் ஒன்றுமில்லை.

அந்தப் பன்னிரண்டுதான் எனக்கு ஆசிரியராக அமைந்தது. ஞாயிறு வருமுன் மற்ற நாட்களில், காமிரா இல்லாத வெறுங்கையுடன் காசிமேட்டுக் கரைக்கும் திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்கும் செல்வேன். எந்த இடத்தில் எந்நேரம் ஒளி எவ்வாறு விழுகிறது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வேன். நம் கரையில் கதிரவன் கடலிலிருந்து எழுகிறான் அல்லவா? காலை ஆறு மணிக்கு வலை உதறுவோரைக் கரையில் நின்று கடல் நோக்கிப் பார்த்தால் கரிய உருவங்களாகத் தெரிவர். அவர்களைச் சுற்றி வந்து, கடலை முதுகுப்புறமாக வைத்து நோக்கினால், முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் தெளிவாகப் புலப்படும். மனிதர் அவர்களே, நேரமும் அதுவே. நின்ற இடம் மாறியது, படம் மாறிற்று. இதைக் கற்க எனக்கு ஒரு காசும் செலவாகவில்லை. காலணி தேய்ந்ததுதான் செலவு.

இக்கலையில் பணக்கவலை என்பது புதியதன்று. சென்னையில் ரயிலும் புகைப்படமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் காலூன்றின. அலெக்சாண்டர் ஹண்டர் 1850-ஆம் ஆண்டில் தொடங்கிய கலைப் பள்ளியில் சில ஆண்டுகளுக்குள் புகைப்படமும் கற்பிக்கப்பட்டது. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக அமர்த்தப்பெற்ற லின்னேயஸ் டிரைப் என்னும் இராணுவ அதிகாரி, பெருங்காமிராவையும் இரசாயனப் பொருள்களையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிச் சென்று, 1858-ஆம் ஆண்டில் மதுரை, தஞ்சை முதலிய ஊர்களின் கோயில்களை எடுத்த படங்கள் இன்றும் உலக அருங்காட்சியகங்களில் போற்றப்படுகின்றன. ஆனால் பின்னர் வந்த ஆளுநர் டிரெவெலியன், அரசின் நிதிநிலைக்கு இது தாங்காத ஆடம்பரம் என்று கருதி அப்பணியை நிறுத்திவிட்டார். அரசாங்கத்துக்கே கட்டுப்படியாகாத கலை, இன்று உங்கள் சட்டைப்பையில் கைப்பேசி வடிவில் உறங்குகிறது. இதை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

ஆகவே என் முதல் அறிவுரை: காமிரா வாங்கும் நாளைத் தள்ளிப் போடுங்கள், கற்கும் நாளைத் தள்ளிப் போடாதீர்கள். வீட்டில் ஒரு கைப்பேசி இருந்தால் ஆறு மாதம் அதிலேயே பழகுங்கள். சன்னலோரம் தாயாரை அமர்த்தி, ஒளி ஒரு பக்கமாக விழச் செய்து எடுங்கள். மறுபக்கம் இருண்டால், மீன் பெட்டியாகவும் பொம்மைப் பெட்டியாகவும் பயன்பட்டுத் தெருவில் கிடக்கும் தெர்மோகோல் அட்டையொன்றைப் பிடித்தால் போதும். கடையில் விற்கும் கருவி செய்யும் வேலையை அது செய்யும்.

பழகியபின் காமிரா வேண்டுமென்று தோன்றினால், பிறர் பயன்படுத்திய ஒன்றை, விவரம் அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் சென்று, சோதித்து வாங்குங்கள். மாற்றத்தக்க லென்சுகளில், 50 மில்லிமீட்டர் குவியத் தொலைவுடைய சாதாரண லென்சு விலையில் குறைந்தது. மங்கிய ஒளியிலும் படம் பிடிக்க வல்லது. அருகில் நெருங்குவதற்கும் விலகுவதற்கும் உங்கள் கால்களையே நம்ப வேண்டியிருக்கும், அதுவும் நன்மையே. பகலொளிக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. நல்ல வெயிலில் லென்சின் துவாரத்தை 16 என்னும் எண்ணில் வைத்து, உணர்திறன் 100 என்றால் நொடியில் நூற்றில் ஒரு பங்கு, 200 என்றால் இருநூற்றில் ஒரு பங்கு என்று அமைத்தால் படம் ஏறக்குறையச் சரியாக வரும். மிச்சப்படும் பணத்தில், எடுத்த படங்களை இரண்டு இடங்களில் சேமித்துவைக்க வழி செய்யுங்கள். தொலைந்த காமிராவை மீண்டும் வாங்கலாம். தொலைந்த படத்தை வாங்க முடியாது.

இனி, என் வாழ்வில் நேர்ந்த ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் இப்பேச்சு முழுமை பெறாது.

ஒரு ஞாயிறு காலை, காசிமேட்டில் மீன் ஏலம் முடிந்து, காலிக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் களைத்து அமர்ந்திருந்த ஓர் அம்மையாரை, அவர் அறியாவண்ணம் படம் எடுத்தேன். அப்படம் மாணவர் போட்டியொன்றில் பரிசு பெற்றது. நூறு ரூபாய்! என் வாழ்வில் அதுவரை கண்டிராத தொகை. படம் ஒரு பத்திரிகையிலும் வெளியாயிற்று. அடுத்த மாதம் கரைக்குச் சென்றபோது அந்த அம்மையார் என்னை வழிமறித்தார். கையில் அந்தப் பத்திரிகைத் தாள், மீன் சுற்றிய ஈரத்துடன்.

“இன்னா தம்பி, என் மூஞ்சிக்கு நூறு ரூபா குடுத்தாங்களாமே. எனக்கு ஒரு படமாச்சும் குடுத்தியா?” என்றார்.

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் ஏதேனும் விடை சொல்லித் தப்பியிருப்பேன். சொல்ல ஒன்றுமின்றித் தலைகுனிந்து நின்றேன். வறியவர் ஒருவரின் களைப்பை அவரைக் கேளாமலே விற்றிருக்கிறேன் என்பது அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று. நானும் வறியவன்தான். ஆயினும் காமிராவைக் கையில் ஏந்திய கணத்தில் நான் வேறு பக்கம் நின்றுவிட்டேன்.

மறு வாரம் அப்படத்தின் பிரதியொன்றை எடுத்துச் சென்றேன். பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். “இது வாணாம். தலை சீவிக்கினு, பொண்ணோட நிக்கிறேன், அத்த எடு” என்றார். அந்த மாதச் சுருளில் நான்கு படங்கள் அவருக்காகவே செலவாயின. சுவரில் மாட்டுமளவு பெரிதாக ஒன்றை அச்சிட்டுக் கொடுத்தேன். பரிசுப் பணத்தில் ஒரு பகுதி அதற்குச் சென்றது.

அதன்பின் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அந்தப் படத்தைக் கண்டு பக்கத்து வீட்டார் கேட்டனர்; அவரைக் கண்டு அடுத்த தெருவினர் கேட்டனர். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, விசைப்படகு வெள்ளோட்டம் என்று ஒவ்வொன்றாக அழைப்பு வந்தது. அச்சுக் கூலியோடு சிறிது மிகையும் கொடுத்தனர். ஓராண்டில் சொந்தமாக ஒரு காமிரா வாங்கினேன். என்னைத் தொழிலில் நிறுத்தியது நூறு ரூபாய்ப் பரிசன்று. திருப்பிக் கொடுத்த அந்த ஒரு படமே.

இது என் ஒருவனுடைய அனுபவந்தானே என்று நீங்கள் கேட்கலாம். நம் காலத்துச் சான்று ஒன்று கூறுகிறேன். எம். பழனிக்குமார் என்னும் புகைப்படக் கலைஞர் மதுரையில் மீன் விற்ற தாயின் மகன். துப்புரவுத் தொழிலாளர்களின் துயரத்தைக் காட்டிய ‘கக்கூஸ்’ என்னும் ஆவணப் படத்தின் ஒளிப்பதிவாளரும் அவரே. உழைக்கும் பெண்களையும் ஒதுக்கப்பட்டோரையும் தொடர்ந்து படமெடுத்து, 2022-ஆம் ஆண்டில் தயானிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருதை முதன்முதலில் பெற்றார். அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. உழைப்போர் வீட்டுச் சிறுவர்க்குக் காமிராவைக் கையில் கொடுத்து இக்கலையைக் கற்பித்தும் வருகிறார். தொலைவிலிருந்து வருவோர் பல நாள் தங்கியும் காண இயலாததை, அத்தெருவிலேயே பிறந்தவன் வாசலில் நின்று காண்கிறான். அருகில் இருத்தல் என்பதே ஏழை மாணவனின் மூலதனம். எக்கடையிலும் அது விலைக்குக் கிடையாது.

நம் வடசென்னையில் அந்த மூலதனத்துக்குப் பஞ்சமில்லை. எண்ணூர்க் கழிமுகத்துக்குச் சென்று பாருங்கள். அனல்மின் நிலையங்களின் புகைக்கூண்டுகள் ஒருபுறம். இடுப்பளவு நீரில் அமர்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் மக்கள் மறுபுறம். 2023-ஆம் ஆண்டு டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தையொட்டி அந்த நீரில் எண்ணெய் பரவியபோது, கரிய பிசுக்கு அப்பிய படகுகளையும் வலைகளையும் கூழைக்கடாக்களையும் காட்டிய படங்களே நாட்டின் கவனத்தை அங்கே திருப்பின. முன்பு அமெரிக்காவில் லூயிஸ் ஹைன் என்னும் பள்ளி ஆசிரியர், 1908-ஆம் ஆண்டு முதல் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்த சிறுவர்களைப் படமெடுத்தார். குழந்தைத் தொழிலுக்கு எதிரான இயக்கத்துக்கு அவை பெருவலிமை தந்தன. படம் பொழுதுபோக்கு மட்டுமன்று. சில வேளைகளில் அது சாட்சியம். சாட்சி பொய்யுரைக்கலாகாது, தான் கண்டவரை விற்கவும் ஆகாது.

ஒன்று மறவாதீர். துறைமுக எல்லைக்குள்ளும் மின்நிலைய வளாகங்களிலும் அனுமதியின்றிப் படமெடுத்தல் குற்றமாகும். வேலிக்கு இப்பால் நீங்கள் வாழ்நாள் முழுவதும் எடுத்தாலும் தீராத அளவு வாழ்க்கை இருக்கிறது.

முடிவாக ஒரு பயிற்சி சொல்லி விடைபெறுகிறேன். கைப்பேசியில் ஆயிரம் படங்கள் எடுக்கலாம், உண்மைதான். ஆயினும் மாதத்துக்குப் பன்னிரண்டு என்று நீங்களே ஓர் எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன் நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி எழுதுங்கள்: இதை ஏன் எடுக்கிறேன்? மனிதரை எடுக்குமுன் அவரைக் கேளுங்கள். பன்னிரண்டில் ஒன்றையேனும் அச்சிட்டு, படத்தில் உள்ளவர் கையில் கொடுங்கள். ஓராண்டில் நூற்று நாற்பத்து நான்கு படங்களும், உங்களை நம்பும் பன்னிரண்டு வீடுகளும் உங்களுக்குச் சொந்தமாகும். எந்தக் காமிரா வாங்கலாம் என்று அதன்பின் என்னிடம் வந்து கேளுங்கள்; மகிழ்ந்து சொல்கிறேன்.