துண்டுத் துணியும் கால் அங்குலமும்



தேர்த் திருவிழாக்களில் தேரைச் சுற்றித் தொங்கி ஆடும் தொம்பைகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். சிவப்பு, வெள்ளை, மஞ்சள், பச்சை எனப் பல நிறத் துணிகளை வெட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துத் தைத்து அவற்றை உருவாக்குகிறார்கள். தஞ்சைப் பகுதியில் இத்தொழில் நெடுங்காலமாக நிலவி வருகிறது. அது துணியின் மேல் துணி வைக்கும் கலை. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அதற்கு உறவான மற்றொரு கலை. இதில் துணியின் அருகே துணி வைத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைக்கிறோம். அவ்வாறு தைத்த மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவே பஞ்சைப் பரப்பி, மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையல் போட்டால் மெத்தைப் போர்வை ஆகிவிடும். ஆங்கிலத்தில் இதனைக் 'குவில்ட்' என்பர். பழந்துணிகளை அடுக்கித் தைக்கும் வங்காளத்துக் காந்தாவும், வட கர்நாடகத்துக் கவுதியும் இதன் சுற்றத்தைச் சேர்ந்தவையே.

நான் தாம்பரத்தில் குடியிருப்பவள். பல ஆண்டுகள் பள்ளியில் கணக்குப் பாடம் கற்பித்தவள். என் தாயார் மறைந்தபின், அவர் உடுத்திய சிவப்புச் சுங்குடிச் சேலைகள் இரண்டு என்னிடம் வந்து சேர்ந்தன. அவற்றை வெட்டி, வெள்ளைக் காடாத் துணியோடு இணைத்து, என் பேத்திக்கு ஒரு போர்வை தைக்க எண்ணினேன். நட்சத்திரங்கள் ஒன்பது, ஒவ்வொன்றும் 16 அங்குலச் சதுரம். சேலையில் கிழிசலும் கறையும் போக, ஒன்பதுக்குச் சரியாகத் துணி இருந்தது. அதற்குமேல் ஒரு சாண் துணிகூட இல்லை. கடையில் புதுச் சுங்குடி வாங்கலாம்; என் தாயார் உடுத்திய சேலையை எந்தக் கடையில் வாங்க முடியும்?

ஒரு நட்சத்திரத்துக்கு நான்கு அங்குலக் கட்டங்கள் பதினாறு. நடுவே நான்கு சிவப்புச் சதுரங்கள். நான்கு மூலைகளில் வெள்ளைச் சதுரங்கள். எஞ்சிய எட்டுக் கட்டங்களில் சிவப்பு முக்கோணமும் வெள்ளை முக்கோணமும் பாதிப் பாதி. இந்த எட்டுமே நட்சத்திரத்தின் முனைகளாகும். துணியின் ஓரத்தில் கால் அங்குலம் தையலுக்குப் போய்விடும். ஆகவே நான்கு அங்குலச் சதுரத்துக்கு நாலரை அங்குலம் வெட்ட வேண்டும். இதுவரை நான் செய்தது சரியே. முக்கோணங்களையும் அவ்வாறே நாலரை அங்குலப் பக்கம் வைத்து வெட்டினேன். அங்கேதான் பிழை நேர்ந்தது.

கட்டங்களைச் சேர்க்கும்போது முக்கோணக் கட்டங்கள் சிறுத்து நின்றன. இழுத்துப் பிடித்துத் தைத்தேன். சில முனைகள் தையலுக்குள் மறைந்து மழுங்கின. சில முனைகள் தையலைத் தொடாமலே நின்றன.

எங்கள் தெருவில் ஓர் அம்மையார் இருக்கிறார். தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் அமைந்த ஏற்றுமதி வளாகத்தில், மக்கள் 'மெப்ஸ்' என்று வழங்கும் இடத்தில், ஆடைத் தொழிற்கூடம் ஒன்றில் பல ஆண்டுகள் தைத்தவர். அவர் என் நட்சத்திரத்தைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்த்தார். "டீச்சர், சதுரத்துக்குச் சேர்த்த அளவையே முக்கோணத்துக்கும் சேர்த்திருக்கிறீர்களே! சாய்ந்த பக்கத்துக்கும் தையல் உண்டல்லவா?" என்று கேட்டார். எனக்கு நாணமாகிவிட்டது.

மாணவர்களே, கணக்கைப் பாருங்கள். செங்கோண முக்கோணத்தின் மூன்று பக்கமும் கால் அங்குலம் விரிய வேண்டுமானால், செங்கோணத்தை அடுத்த ஒவ்வொரு பக்கமும், இரண்டோடு இரண்டின் வர்க்கமூலத்தைக் கூட்டி வரும் தொகையில் நாலில் ஒரு பங்கு வளர வேண்டும். அது ஏறத்தாழ 0.854 அங்குலம். தையற்காரர்கள் அதனை முக்காலே அரைக்கால், அதாவது 7/8 அங்குலமாக வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் பின்னர் நறுக்கிவிடுவார்கள். நான் சேர்த்ததோ அரை அங்குலம். கரும்பலகையில் ஆயிரம் முறை எழுதிய வர்க்கமூலத்தைத் துணியில் மறந்தேன்.

அந்த அம்மையார் மேலும் சில கற்பித்தார். நெசவில் பாவு நூலும் ஊடை நூலும் போகும் திசையில் துணி எளிதில் நீளாது. குறுக்குச் சாய்வில் வெட்டினால் இழுபடும். ஆகவே முதலில் முக்கோணமாக வெட்டாமல், சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு சதுரங்களை முகத்தோடு முகம் வைத்து, மூலைவிட்டம் வரைந்து, அதன் இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, பிறகு கோட்டின்மேல் வெட்ட வேண்டும். இரண்டு கட்டங்கள் கிடைக்கும். சாய்ந்த ஓரம் கைபட்டு நீளாது. இஸ்திரிப் பெட்டியையும் தேய்த்து இழுக்காமல், வைத்து அழுத்தி எடுக்க வேண்டும்.

தையல் ஓரத்தை ஒரு வரிசையில் வலப்புறமும் அடுத்த வரிசையில் இடப்புறமும் மடித்து அழுத்தினால், இரு தையல்களும் சந்திக்கும் இடத்தில் ஒன்றோடொன்று பொருந்தி நிற்பதை விரல் நுனியே உணரும். அங்கே ஒரு குண்டூசி குத்த வேண்டும். முனை கூராக வர வேண்டுமானால், பின்புறத்தில் பழைய தையல்கள் ஒன்றையொன்று வெட்டும் புள்ளியைக் கண்ணால் பார்த்து, புதிய தையலை அப்புள்ளிக்கு ஒரு நூல் வெளிப்புறமாக ஓட்ட வேண்டும். உட்புறம் போனால் முனை அறுபடும்.

கால் அங்குலம் என்பதும் எளிதன்று. துணி மடியும் இடமும் சிறிது அளவை விழுங்கும். ஆதலால் ஒரு நூல் குறைத்தே தைக்க வேண்டும். ஒன்றரை அங்குல அகலமுள்ள மூன்று பட்டைகளைச் சேர்த்துத் தைத்துப் பாருங்கள். நடுப்பட்டை சரியாக ஓர் அங்குலம் இருந்தால் உங்கள் தையல் சரி. ஒவ்வொரு தையலிலும் வீசம், அதாவது 1/16 அங்குலம் மிகுந்தால், இரு துண்டுகளும் சேர்ந்து ஓர் இணைப்பில் அரைக்கால் அங்குலம் குறையும். எட்டுக் கட்ட வரிசையில் ஏழு இணைப்புகள். மொத்தம் முக்காலே அரைக்கால் அங்குலம் போய்விடும். சிறு துளி பெருவெள்ளம் என்பது பிழைக்கும் பொருந்தும்.

பிறகு எட்டு நட்சத்திரங்கள் செவ்வையாக அமைந்தன. ஒன்பதாவதற்குத் துணி இல்லை. கெடுத்த நட்சத்திரத்தைப் பிரித்து, கிடைத்த சிவப்புத் துணியைச் சிறு சிறு சதுரங்களாக வெட்டி, வெள்ளைச் சதுரங்களோடு இணைத்து அந்த இடத்தில் வைத்தேன். "பாட்டி, இங்கே மட்டும் ஏன் நட்சத்திரம் இல்லை?" என்று பேத்தி கேட்டாள். "அங்கேதான் நான் கணக்குக் கற்றுக்கொண்டேன்" என்றேன்.

உங்கள் வீட்டிலும் பழைய சேலை ஒன்று இருக்கும். அதில் கத்தரிக்கோல் வைக்குமுன், முதலில் வேறு துண்டுத் துணியில் மூன்று பட்டைகள் தைத்து, நடுப்பட்டையை அளந்து பாருங்கள்.